மாமனார் வீட்டு ஆணி

தொக்தாரின் மாமனார் வீட்டுக் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே, மூத்த விருந்தாளியை உட்கார வைக்கும் பக்கத்துச் சுவரில் ஒரே ஓர் ஆணிதான் உண்டு. கிழவரின் பெயர் ஜூமாதில். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுவரைத் துளைத்தால் அவருக்குத் தன் முதுகைத் துளைத்தது போலிருக்கும். "பாக்கறதுக்கு இருக்கறது ஒரு ஜோடிக் கண்ணு. அதுக்கு எதுக்குடா ரெண்டு படம்?" என்பார்.

அந்த ஆணியில் வெகுகாலம் தொக்தார் எடுத்த படம்தான் தொங்கியது. காட்டு ரோஜாப் புதரில் ஒரு நீலத்தொண்டைக் குருவி. வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் அண்ணாந்து பார்த்து, "இது யார் எடுத்தது?" என்பார்கள். கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு, "மூத்த மாப்பிள்ளை" என்பார். தொக்தார் அப்போது கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் ஒரு குளிர்காலத்தையே ஓட்டிவிடுவான்.

போன வருஷம் அது போயிற்று. மனைவியின் தங்கை ஐமானைக் கட்டியவன் மேய்ராம், நகரத்தில் பல் வைத்தியன். அவன் ஒரு பெரிய கேமரா வாங்கினான். வாங்கிய மாதமே, ஒரு பஞ்சுருட்டான் குருவி, தேனீயை அந்தரத்தில் தூக்கிப்போட்டு அலகால் பிடிக்கும் படம் அவனுக்குக் கிடைத்தது. கிழவர் அதைப் பார்த்துக் குழந்தை போலக் கைதட்டினார். அன்றைக்கே ஆணி கைமாறியது. தொக்தாரின் நீலத்தொண்டைக் குருவி, செருப்பு விடும் நடையில், கோட்டு மாட்டும் கொக்கி ஒன்றுக்கு வந்து சேர்ந்தது.

தொக்தார் கணவாய் ஸ்டேஷனில் மின்சார வேலை பார்ப்பவன். பேச்சு குறைவு. பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். ஆனால் மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குனிந்து பூட்ஸைக் கழற்றி நிமிர்ந்தால் தன் குருவி எதிரில் நிற்கும். ஈரக் காலுறை நாற்றத்துக்கு நடுவே அது தொண்டையைத் தூக்கிப் பாடிக்கொண்டிருக்கும். கழற்றிய பூட்ஸின் கல் காலிலேயே தங்கினாற்போல அவனுக்கு உறுத்தும். கூடத்துக்குள் போய் உட்கார்ந்த பிறகும் அந்த உறுத்தல் விடாது. மேய்ராம் சிரித்தால் உறுத்தும். மேய்ராம் அவனுக்கு ரொட்டியை நகர்த்தி வைத்தால் இன்னும் உறுத்தும்.

இந்தக் கோடையில் கிழவரே பேச்சை எடுத்தார்.

"எனக்கு எண்பது முடியுது. கம்பளம், மேலங்கி, குதிரைச் சவுக்கு, ஒரு எழவும் வேணாம். ரெண்டு மாப்பிள்ளையும் கேட்டுக்கங்க. வாலிபத்துல கணவாய்ல சிக்னலுக்கு நின்னப்ப ஒரு குருவி பாத்தேன். உடம்பெல்லாம் வெள்ளை, தலை மட்டும் கறுப்பு. வாலு ரிப்பன் மாதிரி இவ்வளவு நீளம். சொன்னா உங்க மாமியார் சாகற வரைக்கும் நம்பல. அந்தக் குருவி எனக்கு வேணும். எவன் கொண்டு வர்றானோ அவன் படம் ஆணியில."

"மாமா, அத்தைய நம்ப வைக்க இப்ப படம் எதுக்கு?" என்றான் மேய்ராம்.

"நாளைக்கு அங்க போயிக் காட்டணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தொக்தார் சிரிக்கவில்லை. கிழவர் சொன்னது வேதிவால் குருவி. மலையடிவாரத் தோப்புகளில் கோடையில் கூடு கட்டும். ஆகஸ்ட் கடைசியில் தெற்கே கிளம்பிவிடும். கிளம்புவதற்குள் ஆண்குருவி பெரும்பாலும் வாலை உதிர்த்திருக்கும். வாலோடு கணவாயைத் தாண்டுவது எப்போதாவது ஒன்று. அந்த ஒன்று எங்கே இறங்கும் என்று அவனுக்குத் தெரியும். ரயில் பாதைக்கு மேலே ஒரு சரிவில், வில்லோ மரங்களும் ரோஜாப் புதர்களும் மூடிய சிறிய ஊற்று. இரவெல்லாம் பறந்து வரும் குருவிகள் கணவாயின் கிழக்குக் காற்றில் முட்டி, விடியும்போது அங்கேதான் விழும். அந்த இடத்தை அவன் யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் கடைசி வந்தபோது மனைவி கலம்பிர் தங்கையிடம் சொல்லிவிட்டாள்.

"ஏன் சொன்ன?" என்றான்.

"சொன்னா என்ன? ஊற்றுல தண்ணி வத்திடுமா? அந்தப் பையன் காரை எடுத்துக்கிட்டு மலையெல்லாம் சுத்தறானாம். ஐமான் அழுவுறா. நாளைக்குக் காலையில நீங்க போறப்ப கூட்டிக்கிட்டுப் போங்க."

"குருவி கூட்டத்தைப் பாத்தா வராது."

"ரெண்டு பேரு கூட்டமா? நீங்க ஒருத்தரே மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு உக்காந்தாதான் அது பயந்து ஓடும்."

அவன் வேலைக்குப் போய்விட்டான். அன்று ராத்திரி ஸ்டேஷனில் மின்மாற்றி பழுதாகி, விடியப்போகிற நேரம் வரை கம்பத்தில் தொங்கினான். இருட்டு பிரியுமுன் மேய்ராமின் கார் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது. தொக்தார் முகம்கூடக் கழுவாமல் கேமராவை எடுத்துக்கொண்டு ஏறினான்.

"அண்ணே, தூங்கவே இல்லையா? இன்னிக்கு வேணாம்னா நாளைக்கு..."

"நாளைக்குக் காத்து மாறிடும். ஓட்டு."

மேய்ராம் ஒரு துணி மூட்டையை அவன் மடியில் வைத்தான். சூடான பவுர்சாக் மாவு உருண்டைகள். ஐமான் எழுந்து எண்ணெயில் பொரித்துக் கொடுத்திருக்கிறாள். "நல்லா உப்பினதெல்லாம் உங்களுக்காம். எனக்கு வாயைக் கட்டிப் போட்டுட்டா" என்றான் மேய்ராம். தொக்தார் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

காரை ரயில் பாதை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஏறினார்கள். காற்று சட்டைக்குள் புகுந்து அடித்தது. அங்கே மரங்கள் எல்லாம் மேற்கே சாய்ந்துதான் வளரும். ஊற்றுக்கு வந்ததும் மேய்ராம் மூச்சு வாங்க நின்று, "எங்க உக்காரணும், சொல்லுங்க. நீங்க சொல்ற இடம்" என்றான்.

ஊற்றின் கிழக்குக் கரையில் ஒரு பாறை. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் காற்று படாது, சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும், குருவியின் ஒவ்வொரு இறகும் தெளிவாக விழும். தொக்தாரின் இடம். எதிர்க்கரை வெறும் சரளை. அங்கே காற்று முகத்தில் அறையும்; சூரியன் எழுந்ததும் லென்ஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து எடுத்தால் எல்லாம் வெளுத்துத்தான் போகும்.

தொக்தார் எதிர்க்கரையைக் காட்டினான். "அங்க போ. தண்ணி குடிக்க அந்தப் பக்கம்தான் இறங்கும்."

சொல்லும்போது அவன் மேய்ராமைப் பார்க்கவில்லை. மேய்ராம் "சரிண்ணே" என்று தண்ணீரைத் தாண்டிப் போனான். சரளையில் மண்டியிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தொக்தாருக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. பிறகு ஆணி ஞாபகம் வந்தது. வெட்கம் போய்விட்டது.

குருவிகள் விழ ஆரம்பித்தன. யாரோ மேலிருந்து கைநிறையத் தானியத்தை வீசினாற்போல, சாம்பல் வானத்திலிருந்து சின்னச் சின்னதாக, சத்தமில்லாமல். கதிர்க்குருவிகள் வில்லோ இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டன. சிவந்த தலைச் சிட்டு ஒன்று தண்ணீருக்குள் நின்றபடி அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. இரவெல்லாம் பறந்த களைப்பில் அவற்றுக்கு மனிதன்மேல் பயம்கூட இல்லை. தொக்தார் மெல்ல மெல்ல எடுத்தான். இந்த ஒரு நேரத்தில்தான் அவன் மனதில் யாரும் இருக்க மாட்டார்கள். இன்று மேய்ராம் இருந்தான். எதிர்க்கரையில் அவன் கேமரா கிளிக்கென்று சத்தம் போடும்போதெல்லாம், எதை எடுத்தான், எனக்குத் தெரியாத எதைப் பார்த்துவிட்டான் என்று தொக்தாரின் கழுத்து தானாக நீண்டது.

பிறகு ஓர் இடைவெளி வந்தது. குருவிகள் குடித்து முடித்து இலைக்குள் ஒடுங்கின. காற்றின் சத்தம் மட்டும். முதுகுக்குப் பின்னால் பாறை லேசாகச் சூடேறியது. ராத்திரி கம்பத்தில் கட்டிய கயிற்றின் இறுக்கம் இன்னும் இடுப்பில் இருந்தது. கண்ணை ஒரு தரம் மூடித் திறப்போம் என்று நினைத்தான்.

திறந்தபோது சூரியன் மேலே வந்திருந்தது. கழுத்து வலித்தது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஊற்றில் ஒரு வாலாட்டிக் குருவி மட்டும் நடந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் மேய்ராம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் தொக்தாருக்கு விளங்கிவிட்டது.

"வந்துச்சா?"

மேய்ராம் தலையை ஆட்டினான்.

"வாலோட?"

"வாலோடண்ணே."

"என்னை ஏன் எழுப்பல?"

"எழுப்ப முடியலண்ணே."

"ஒரு கல்லு எடுத்துப் போட முடியாதா? கை ஒடிஞ்சா போச்சு?"

"எழுப்பியிருந்தா அது போயிருக்கும்." சொல்லிவிட்டு மேய்ராம் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரிப்பை அடக்குகிறவன்போல இருந்தது. அது தொக்தாரின் உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது.

இறங்கும்போது மேய்ராம் முன்னால் நடந்தான். அவன் நடையில் ஒரு துள்ளல் இருந்ததாகத் தொக்தாருக்குப் பட்டது. பல்லைப் பிடுங்கிப் பிழைப்பவன். போன வருஷம்தான் கேமராவைத் தொட்டவன். வெயிலைப் பார்த்து, காற்றைப் பார்த்து உட்கார்ந்தும் அவனுக்கு. நிழலில் பாறையில் சாய்ந்தும் எனக்கு இல்லை. இனிமேல் கிழவர் சாகும்வரை அந்தச் சுவர் அவனுடையது. கார் கண்ணில் பட்டதும் தொக்தார் வேகமாக நடந்து அவனை முந்திப்போய், திரும்பி, எதிரில் நின்றான்.

"சௌகா!" என்றான்.

வேட்டையிலிருந்து திரும்புகிறவனை எதிரில் சந்திக்கிறவன் முதலில் சொல்லும் வார்த்தை அது. சொல்லிவிட்டால் வேட்டைக்காரன் மறுக்கக் கூடாது. நரித் தோலானாலும் மான் தொடையானாலும் கொடுத்துவிட வேண்டும். குருவிப் படத்துக்கு யாரும் நிஜமாகக் கேட்பதில்லை, ஸ்டேஷனில் விளையாட்டுக்குச் சொல்வதோடு சரி. போன குளிர்காலத்தில் மேய்ராம் ஓர் ஆந்தைப் படத்துக்காகத் தொக்தாரிடம் அப்படிச் சொன்னான். தொக்தார் போனில் ஒரு சின்ன நகலை அனுப்பிவிட்டு மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

மேய்ராம் நின்றான். சகலையின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். இது விளையாட்டு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேமராவைத் திறந்து மெமரி கார்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"எடுத்துக்கங்கண்ணே. முழுசும் உங்களோடது. என்கிட்ட வேற நகல் இல்ல. ஒண்ணே ஒண்ணு, வீட்டுக்குப் போயிப் பாருங்க. இங்க வேணாம்."

தொக்தார் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நன்றி சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் போட்டான். வரிசையாக வெளுத்துப்போன படங்கள். வெயில் தின்ற இலைகள், வெயில் தின்ற தண்ணீர். அவன் இடம் கொடுத்த லட்சணம். தொக்தாருக்கு உள்ளூர நிம்மதி பரவியது. கடைசிப் படம் வந்தது.

பாறையில் சாய்ந்து ஒரு மனிதன் வாயைப் பிளந்து தூங்குகிறான். அவன் தொப்பியின்மேல் வேதிவால் குருவி உட்கார்ந்திருக்கிறது. கட்டை என்று நினைத்திருக்கிறது போலும். காற்றை எதிர்த்துக் கிழக்கே திரும்பி உட்கார்ந்து, தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்திருக்கிறது. கண்ணைச் சுற்றி நீல வளையம். அதன் வால் இரண்டு வெள்ளை ரிப்பனாகத் தொப்பியிலிருந்து இறங்கி, அந்த மனிதனின் நெற்றியில், மூக்கில், திறந்த வாயின்மேல் வழிந்து மார்பு வரை வருகிறது. பின்னாலிருந்து வந்த சூரியன் அந்த வாலுக்குள் புகுந்து அதை விளக்குத் திரியைப்போல எரிய வைத்திருக்கிறது. எதிர்க்கரையிலிருந்து மட்டும்தான் அந்த ஒளி தெரியும்.

தொக்தார் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பிறகு செய்யக்கூடாததைச் செய்து பார்த்தான். படத்தை வெட்டிப் பார்த்தான். மனிதனை நீக்கினால் வாலும் போயிற்று. வாலில்லாமல் அது வெறும் ஒரு வெள்ளைக் குருவி. கிழவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். வால் வேண்டுமென்றால் அந்த மூக்கு வேண்டும், அந்தப் பிளந்த வாய் வேண்டும், கீழ்வரிசையில் விழுந்துபோன பல்லின் சந்தும் வேண்டும். தன் படம் என்று சொல்லவும் வழியில்லை. தூங்குகிறவன் தன்னை எப்படி எடுப்பான்?

கலம்பிர் கதவைத் தட்டினாள். "கிடைச்சுதா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"அவனுக்கு?"

"பாத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்ல!"

அவள் போனாள். அவன் விரல் அழிக்கும் பொத்தானின்மேல் இருந்தது. அழித்துவிட்டால் முடிந்தது. கொடுத்ததைப் பற்றி மேய்ராம் வாய் திறக்கமாட்டான், கொடுத்தவன் திறக்கக் கூடாது. வேறு யார் கேட்டாலும், எல்லாம் வெளுத்துப்போச்சு என்று சொல்லலாம். அதில் பொய்கூட அதிகமில்லை.

மேய்ராம் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தான். கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. அந்த மௌனம் தொக்தாரைக் குடைந்தது. என்ன ஆச்சு, பார்த்தீர்களா, எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கோபப்பட்டு அழித்துத் தொலைத்திருப்பான். இரண்டு கையால் கொடுத்துவிட்டு அவன் பாட்டுக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். அவனால் முடிகிறது.

கிழவரின் எண்பது விருந்துக்கு முந்தின நாள் மத்தியானம் தொக்தார் மறுபடியும் படத்தைத் திறந்து, குருவியின் கண்ணைப் பெரிதாக்கினான். அந்த நீல வளையத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் குருவியை அவன் பார்க்கவில்லை. அது தன் தலையில் உட்கார்ந்திருந்தும், வால் தன் மூக்கைத் தடவியும், பார்க்கவில்லை. பார்த்தவன் மேய்ராம். இந்தப் படத்தை அழித்தால் அந்தக் குருவி இனி மேய்ராமின் கண்ணுக்குள் மட்டும் இருக்கும். வேறு எவனுக்கும் பங்கில்லாமல், அவனுக்கே அவனுக்கு என்று, சாகும்வரை.

அதை அவனால் தாங்க முடியவில்லை. படத்தை அச்சுக்கு அனுப்பினான்.

விருந்தில் வீடு கொள்ளாத கூட்டம். கறியும் மாவுத்தகடும் ஆவி பறக்கும் தட்டங்களில் வந்தன. மூத்தவருக்கு உரிய ஆட்டுத் தலையைக் கிழவருக்கு முன்னால் வைத்தார்கள். வாழ்த்தும் கம்பளமும் மேலங்கியும் எல்லாம் முடிந்தபிறகு தொக்தார் எழுந்து, துணி சுற்றிய சட்டத்தை மாமனாரின் மடியில் வைத்தான். வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிக் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

கிழவர் துணியை விலக்கினார். கண்ணாடியைத் தேடினார். யாரோ மாட்டிவிட்டார்கள். விரலால் அந்த வாலை மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினார்.

"இதுதான்" என்றார். "இதேதான். அந்தச் சிறுக்கி நம்பலையே." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஆமா, குருவி சரி. கீழ கெடக்கற பொணம் யாருது?"

கூடம் வெடித்தது. சட்டம் கைக்குக் கை போயிற்று. "வாய்க்குள்ள முட்டை வச்சிருக்குமோ?" என்றது ஒரு குரல். "ரயில்வே எப்படி ஓடுதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றது இன்னொன்று. கலம்பிர் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தொக்தாரின் காது நுனி வரை சூடேறியது.

"யார் எடுத்தது?" என்றார் கிழவர்.

தொக்தார் தலை நிமிராமல், "மேய்ராம் எடுத்தான். நான் சௌகா கேட்டு வாங்கினேன்" என்றான்.

கூடம் சட்டென்று அடங்கியது.

"குடுத்தப்புறம் எனக்கு அதுல பேச்சில்ல மாமா" என்றான் மேய்ராம். "அது அண்ணனோடது."

கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எவனோடதோ, எனக்கென்ன. மாப்ளே, தூங்கினது போதும். எழுந்து மாட்டு."

தொக்தார் எழுந்து பஞ்சுருட்டானைக் கழற்றினான். தன் முகத்தை, பிளந்த வாயோடு, விருந்தாளிகளின் தலைக்கு மேலே மாட்டினான். கோணலாக இருந்தது, நேராக்கினான். இனி வருகிறவர்கள் கிண்ணத்தை வாங்கியதும் அண்ணாந்து பார்த்து, "இது யாரு?" என்று கேட்பார்கள். மூத்த மாப்பிள்ளை என்பார் கிழவர்.

நடையில் வேறு கொக்கி காலியில்லை. பஞ்சுருட்டானைத் தரையில், பூட்ஸ்களின் பக்கத்தில், சுவரோடு சாய்த்து வைத்தான். மேலே அவன் நீலத்தொண்டைக் குருவி. அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

பின்வாசல் முற்றத்தில் மேய்ராம் தனியாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். தொக்தார் போய்ப் பக்கத்தில் நின்றான். இருட்டத் தொடங்கும் வானத்தில் உழவாரக் குருவிகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன.

"அடுத்த வருசமும் என்னை அதே இடத்துலயே உக்கார வைங்கண்ணே" என்றான் மேய்ராம். "காத்து மூஞ்சிய உரிச்சாலும் ராசியான இடம்."

தொக்தார் திரும்பிப் பார்த்தான். மேய்ராம் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கையை உதறிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"கிண்ணத்துல ஊத்தின டீ ஆறுற நேரம் இருக்கும்."

அவ்வளவு நேரம். தொக்தாருக்கு மறுபடியும் அந்தக் கல் உறுத்தியது. படத்தைக் கேட்டு வாங்கிவிட்டான். அந்த நேரத்தை எந்த வார்த்தை சொல்லிக் கேட்பது? அவன் மேய்ராமின் கண்களையே பார்த்தான். சாதாரணக் கண்கள். ஓரத்தில் கொஞ்சம் சிவந்திருந்தன.

"ஏதாவது சத்தம் போட்டுச்சா?" என்றான் கடைசியில். "ஒரு தடவையாவது?"

மேய்ராம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"போட்டிருக்கும்ணே" என்றான். "உங்க குறட்டையில எனக்கு ஒண்ணும் கேக்கல."